வலிப்பு மருந்தை எலியில் சோதிக்கும் ஆய்வு: மகளை அனுப்பலாமா?

மருந்தியல் முதுநிலை படிக்கும் மகள், ப்ராஜெக்ட்டுக்கு வலிப்பு ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். "எலிக்கு ஷாக் கொடுப்பதெல்லாம் ஒரு படிப்பா? இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

சுண்டெலிக்கு மருந்து கொடுத்து, கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, 0.2 வினாடி மின்சாரம் செலுத்துவார்கள். மருந்து தராத எலியின் பின்னங்கால்கள் விறைத்து நீளும். மருந்து பலித்தால் அந்த விறைப்பு வராது. 1938-இல் ஃபெனிட்டோயின் என்ற வலிப்பு மருந்து நோயாளிகளுக்கு வந்து சேர்ந்தது, பூனைகளில் மின்சாரத்தால் வலிப்பைத் தூண்டிப் பார்த்த இப்படியொரு சோதனையால்தான். இன்றும் அந்த மாத்திரையை நம்பி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எலியை மயக்கிப்போடும் மருந்தும் வலிப்பை அடக்கியது போலவே தெரியும். அதனால் ரோட்டராட் என்ற சுழலும் உருளையில் அதை ஏற்றிவிடுவார்கள். நல்ல நிலையில் இருக்கும் சுண்டெலி நிமிடத்துக்கு 6 சுற்று வேகத்தில் தாராளமாகச் சமாளிக்கும், தள்ளாடினால் விழுந்துவிடும். உதாரணத்துக்கு, பாதி எலிகளை வலிப்பிலிருந்து காக்க உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் போதும், பாதி எலிகள் உருளையிலிருந்து விழ 60 வேண்டும் என்றால், இடைவெளி 6 மடங்கு. அது 1-ஐ நெருங்கினால் அந்த மருந்தால் பயனில்லை. இந்த இரண்டு டோஸையும் சேர்த்து எடைபோடத் தெரிவதுதான் உங்கள் மகள் அங்கே கற்கப்போகும் உண்மையான தொழில்.

இந்த எண்களை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். லெவெடிரசெட்டாம் இந்த மின்சாரச் சோதனையில் கிட்டத்தட்ட தோற்றுப்போன வலிப்பு மருந்து. திரும்பத் திரும்பத் தூண்டி மூளையையே வலிப்புக்குப் பழக்கிய எலிகளில்தான் அதன் பலன் தெரிந்தது. எந்தச் சோதனை எதைக் காட்டாது என்று அறிந்தவருக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு உண்டு.

சரி, வேலை? வலிப்பு மருந்து ஆய்வு மட்டும் என்றால் வாசல் குறுகியது. ஆனால் எந்தப் புது மருந்தையும் மனிதருக்கு முதன்முதலில் கொடுப்பதற்கு முன், அது நரம்பு மண்டலத்தையும் உடல் அசைவையும் பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அதனால் அசைவுச் சோதனைகளில் கைதேர்ந்தவரை மருந்து நிறுவனங்களும், அவற்றுக்காக ஒப்பந்தத்தில் ஆய்வு செய்து தரும் நிறுவனங்களும் தேடுகின்றன. நச்சியல், மருந்து ஒழுங்குமுறைப் பணிகளுக்கும் அங்கிருந்து போகலாம்.

விலங்குகள் துன்பப்படும், பெரும்பாலும் கடைசியில் கொல்லப்படும். இதை மகளிடம் மறைக்காதீர்கள். சேர்வதற்கு முன் ஒரு நாள் பார்வையாளராகப் போய் வரட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறதா, எலியைப் பிடிக்கக் கற்றுத்தருபவர் யார், சோதனை முடிவைக் குறிப்பவருக்கு எந்த எலிக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படுகிறதா என்று கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறும் கூடத்தில் சேர வேண்டாம் என்பேன். மனம் ஒப்பவில்லை என்றால் வரிக்குதிரை மீன் குஞ்சுகளிலும் கணினி மாதிரிகளிலும் இதே துறையில் வேலை இருக்கிறது.

அப்புறம், அவருக்கு ஆஸ்துமா உண்டா? எலிகளோடு வேலை செய்பவர்களுக்கு அவற்றின் சிறுநீரிலும் ரோமத்திலும் உள்ள புரதங்களால் ஒவ்வாமை வருவது சகஜம். ஆஸ்துமா இருந்தால், படிவம் நிரப்புவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.