படுத்ததும் தலையை முட்டிக்கிறான், பயமா இருக்கு

கேள்வி: என் பையனுக்கு 14 மாசம். ராத்திரி படுக்க வெச்சா கையும் காலும் ஊனி முன்னயும் பின்னயும் ஆடுறான், கட்டில் கம்பில டம்மு டம்முன்னு தலைய முட்டிக்கிறான். தடுத்தா அழுகை, விட்டா பத்து நிமிஷத்துல தூங்கிடுறான். ஆட்டிசமா இருக்குமோ?

பதில்: விட்டா தூங்கிடுறான்னு எழுதியிருக்கீங்க பாருங்கம்மா, அதைப் படிச்சதும்தான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. தூக்கம் வர்றதுக்காக அவனே தன்னை ஆட்டிக்கிறான், அவ்ளோதான். நாம மடில போட்டு ஆட்டினா காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்புக்கு ஒரு சுகம் கிடைக்கும்ல, அதையே அவன் தானா தேடிக்கிறான். 9 மாசக் குழந்தைங்கள்ல பாதிக்கு மேல ஏதாவது ஒரு விதத்துல இப்படி ஆடும், தலைய உருட்டும், முட்டும், அப்புறம் தானா குறைஞ்சு 5 வயசுல நூத்துக்கு அஞ்சு பேர்கிட்டதான் மிச்சம் இருக்கும். மூளைக்கு அடிபடுற அளவுக்கு அவங்க முட்டிக்கிறதும் ரொம்ப அபூர்வம்.

அதனால இறுக்கிப் பிடிக்காதீங்க, திட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய் தூக்காதீங்க, முட்டினா அம்மா வருவாங்கன்னு பழகிடும். கட்டில சுவத்துலேந்து தள்ளிப் போடுங்க, ஸ்க்ரூ எல்லாம் டைட்டா இருக்கான்னு அடிக்கடி பாருங்க, ஆடி ஆடி லூசாகிடும். தலகாணிய முட்டு குடுக்கலாம்னு தோணும், தயவுசெஞ்சு வேணாம், இந்த வயசுல மூச்சு முட்டுற ஆபத்து அதுலதான் இருக்கு. பகல்ல ஊஞ்சல், டான்ஸ்னு நல்லா ஆட விடுங்க, தூக்கம் கெடாம நேரத்துக்குப் படுக்க வைங்க. திடீர்னு புதுசா ஆரம்பிச்சு காதையும் பிடிச்சு இழுத்தான்னா காது வலியா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஆட்டிசத்த இந்த ஒரு பழக்கத்த வெச்சு சொல்லவே முடியாது. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்புறானா, முகத்த பாத்து சிரிக்கிறானா, கைய காட்டி ஏதாவது கேக்குறானா, இதெல்லாம் இல்லன்னாலோ, வந்த பேச்சு நின்னு போனாலோ தள்ளிப் போடாம குழந்தைகள் டாக்டர பாருங்க.

ஒண்ணு மட்டும் வேற கதை. தூங்கி எழுந்ததும் தலை சட்டுனு கவிழ்ந்து, கை கால் விறைச்சு, சில நொடிக்கு ஒரு தடவைன்னு தொடர்ச்சியா வெட்டி வெட்டி இழுத்து, நீங்க கூப்பிட்டாலும் தொட்டாலும் நிக்கலன்னா அது வலிப்பா இருக்கலாம், போன்ல வீடியோ எடுத்துட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.