குதிரையேற்ற நிலைகளும் கோச் சான்றிதழும்: என்ன மாறியிருக்கிறது? கேள்வி பதில்

குதிரையேற்றத் தேர்வு நிலைகளையும் பயிற்றுநர் சான்றிதழ்களையும் பல நாடுகள் அடுத்தடுத்துத் திருத்தியிருக்கின்றன. பழைய பெயர்கள் போய்ப் புதியவை வந்ததில் எவ்வளவு குழப்பம் என்பது வந்திருக்கும் கேள்விகளிலேயே தெரிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மேடம், ஓரிடத்தில் 10 என்பது தொடக்கநிலை, இன்னோரிடத்தில் 7 என்பதே உச்சம். வேறு நாட்டுக்குக் குடிபோகிறோம். மகளின் சான்றிதழை அங்கே எப்படி ஒப்பிட்டுச் சொல்வது?

எண்ணை எண்ணோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஜெர்மனியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பேட்ஜ் தருவார்கள்; 2014-இல் அந்த வரிசையை மாற்றியபோது 10-இல் தொடங்கி 1 வரை இறங்கிவரும்படி வைத்தார்கள். அங்கே 10 என்பது குதிரையோடு பழகத் தொடங்கும் பிள்ளைக்கானது. 10 முதல் 6 வரை ஆர்வமூட்டும் படிகள். 5-இலிருந்துதான் போட்டியை நோக்கிய படிகள். பிரான்சில் 'கலோப்' 1-இல் தொடங்கி 7 வரை ஏறும். அங்கே அமெச்சூர் பிரிவில் போட்டியிட 7 தேவை. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியில் ஸ்டேஜ் 1 முதல் 5 வரை. பிரிட்டனில் பிள்ளைகளுக்கான போனி கிளப்பில் எண்ணே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான்: ஈ, டி என்று தொடங்கி ஏ-யில் முடியும்.

ஆகவே சான்றிதழோடு, இப்போதைய கோச்சிடம் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தெந்த நடையில் தனியாக ஓட்டுகிறாள், எத்தனை சென்டிமீட்டர் உயரம் தாண்டுகிறாள், பழக்கமில்லாத குதிரையில் ஏறியிருக்கிறாளா, வெட்டவெளியில் ஓட்டியிருக்கிறாளா, சேணமும் கடிவாளமும் தானே பூட்டுவாளா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புதிய கிளப் எதுவானாலும் முதல் நாள் அவளை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் சேர்க்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். நல்ல கிளப் அப்படித்தான் செய்யும்.

என் மகன் அருமையாக ஜம்ப் செய்கிறான். ஆனால் நிலைத் தேர்வில் தேறவில்லை. லாயத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லையாம். ஓட்டத் தெரிந்தால் போதாதா? இந்த மாற்றம் எதற்கு?

வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லா நாடுகளின் திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை ஒரே திசையில் போவது தெரியும். சேணத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. குதிரையை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாய் என்றும் இப்போது கேட்கிறார்கள். ஜெர்மனியில் 2020-இல் குதிரையைத் தரையில் நின்று கையாள்வதற்கென்றே தனிச் சான்று ஒன்று வந்தது. 5-ஆம் பேட்ஜுக்குப் போக அது வேண்டும். குதிரையின் இயல்பு, தீனி, தங்குமிடம், நோய் அறிகுறி, சாலையில் பாதுகாப்பாக நடத்திச் செல்வது எல்லாம் அதில் அடங்கும்.

ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடலோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும்படி அமைந்த உடல் அது. தீனியைத் திடீரென மாற்றினாலோ புல் போதாமல் தானியம் மிகுந்தாலோ கோலிக் எனும் வயிற்றுவலி வரும், உயிரே போகலாம். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது எல்லாம் அதற்கான அறிகுறிகள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. இது தெரிந்த பிள்ளை லாயத்தில் குதிரையைப் பார்த்ததுமே 'இன்று இது சரியில்லை' என்று சொல்லிவிடும். தெரியாத பிள்ளை சேணம் பூட்டி ஏறிவிடும். இதைச் சோதிக்காத தேர்வை நான் தேர்வாகவே மதிக்க மாட்டேன்.

உலகம் பார்த்துக்கொண்டிருக்க நடந்த ஒன்றும் இருக்கிறது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறன் போட்டியில், குலுக்கலில் கிடைத்த குதிரையோடு பழக வீரர்களுக்கு 20 நிமிடம்தான் கொடுத்தார்கள். முன்னணியில் இருந்த வீராங்கனையின் குதிரை தாண்ட மறுத்தது. அவர் கண்ணீரோடு சவுக்கை வீசிய காட்சியும், பயிற்சியாளர் குதிரையைக் குத்திய காட்சியும் எங்கும் பரவின. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. மறுக்கும் குதிரை பயந்திருக்கிறதா, வலியில் இருக்கிறதா, சொன்னது புரியாமல் நிற்கிறதா என்று பிரித்தறிவது மேலே உட்கார்ந்திருப்பவரின் அடிப்படைத் திறமை. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமும் 2022-இல் குதிரைகளின் நலனுக்கென்று தனி ஆணையம் அமைத்தது. மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை விரலால் பார்த்துவந்ததை விட்டு, 2025-இல் அளவுகருவிக்கு மாறினார்கள்.

உங்கள் மகனுக்குத் திறமை இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது. ஒரு மாதம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக லாயத்துக்கு அனுப்புங்கள். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யட்டும், தண்ணீர் வைக்கட்டும், தீனி போடுபவரிடம் ஏன், எதற்கு என்று கேட்கட்டும். அடுத்த முறை தேறிவிடுவான்.

அக்கா, எனக்கு 15 வயசு. ஒரே வருஷத்தில் மூணு நிலை முடிச்சிடலாமா?

முடிக்கலாம் தம்பி. அப்படி முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் உன்னையே ஒன்று கேட்டுப் பார். ட்ராட் எனும் துள்ளுநடையில் எழுந்து உட்காரும்போது, குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகையில் நீ எழ வேண்டும். குனிந்து தோளைப் பார்க்காமல் அது சரியாக வருகிறதா? அதைவிட வேகமான கேண்டர் ஓட்டத்தில் எந்தக் கால் முன்னிட்டு ஓடுகிறது என்று உன் இடுப்புக்குத் தெரிகிறதா? கண்ணால் பார்த்துத்தான் தெரிகிறது என்றால் அடுத்த நிலைக்கு அவசரப்படாதே. அங்கவடியில் (கால் வைக்கும் வளையத்தில்) கால் வைக்காமல், கோச் நடுவில் நின்று குதிரையை வட்டமாக ஓட்டும் 'லஞ்ச்' எனும் நீண்ட கயிற்றில், வாரம் ஒரு வகுப்பு எடுத்துக்கொள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜம்பிங்கில் நீ தடுமாறாமல் இருப்பது அங்கே கற்றதால்தான் இருக்கும்.

இன்னொன்று: ஒரே குதிரையில் மூன்று நிலை முடிக்காதே. சோம்பல் குதிரை ஒன்று, துடிப்பான குதிரை ஒன்று, கடிவாளத்தை மெல்லத் தொட்டாலே உணரும் மென்மையான வாயுள்ளது ஒன்று என்று மாற்றி மாற்றி ஏறு.

வயது 47. இப்போதுதான் தொடங்குகிறேன். எனக்கெல்லாம் நிலைத் தேர்வு தேவையா?

கட்டாயமில்லை. ஆனால் பாடத்திட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புகளில் அடிப்படையைத் தாண்டிக் குதித்துவிடும் பழக்கம் உண்டு. அடுத்து என்ன கற்க வேண்டும் என்று நீங்களே கேட்க அந்தத் தாள் உதவும்.

பன்னிரண்டு ஆண்டாகப் போட்டியிடுகிறேன், பதக்கங்களும் உண்டு. கோச் சான்றிதழுக்குப் போனால் கற்பித்தலை முதலிலிருந்து படி என்கிறார்கள். இது நியாயமா மேடம்?

நியாயம்தான் சார். நன்றாக ஓட்டுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்று வெகுகாலம் நம்பினார்கள். மாற்றங்களின் மறுபாதி அந்த நம்பிக்கையைக் கைவிட்டதுதான். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி 'உதவிப் பயிற்றுநர்', 'இடைநிலைப் பயிற்றுநர்', 'பயிற்றுநர்' என்றிருந்த பழைய பட்டங்களை ஸ்டேஜ் 3 கோச், ஸ்டேஜ் 4 சீனியர் கோச், ஸ்டேஜ் 5 பெர்ஃபார்மன்ஸ் கோச் என்று மாற்றியமைத்தது. ஓட்டுவது, குதிரைப் பராமரிப்பு, கற்பிப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். ஜெர்மனியில் டிரெய்னர் சி, பி, ஏ என்ற படிகளிலும் கற்பிக்கும் முறை தனிப் பாடம்.

கற்பித்தல் தேர்வில் என்ன பார்ப்பார்கள் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். நாலு பேர் வட்டமாக ஓட்டும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? எல்லோரும் கண்ணில் படுகிறார்களா? ஏறும்முன் வயிற்றுப்பட்டையையும் அங்கவடி நீளத்தையும் பார்த்தீர்களா? தலைக்கவசம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா? குதிரைகளுக்கு நடுவே பாதுகாப்பான இடைவெளி இருக்கிறதா? இவை தவறினால் மேற்கொண்டு பார்க்கவே மாட்டார்கள்.

அதற்கப்புறம்தான் கண் எவ்வளவு கூர்மை என்பது. 'குதிகாலை இறக்கு, குதிகாலை இறக்கு' என்று வகுப்பு முழுக்கக் கத்துகிற கோச்கள் நிறைய. குதிகால் மேலேறுவதற்குப் பெரும்பாலும் முழங்காலால் சேணத்தை இறுக்கிப் பிடிப்பதே காரணம். அந்த இறுக்கத்துக்குக் காரணம் பயமாக இருக்கும். அல்லது அங்கவடி நீளம் சரியில்லாமல் இருக்கும். பயத்தைப் போக்கி, அங்கவடி வாரைச் சரிசெய்தால் குதிகால் தானாக இறங்கும். தேர்வாளர் எதிர்பார்ப்பது அதைத்தான்: காரணத்தைக் கண்டுபிடித்தீர்களா, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தினீர்களா, திருத்தியது நடந்ததா என்று திரும்பப் பார்த்தீர்களா?

குதிரை எப்படிக் கற்கிறது என்பதையும் கேட்பார்கள். காலால் அழுத்துகிறோம், குதிரை முன்னேறிய நொடியிலேயே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அந்த விடுதலைதான் அதற்குப் பாடம். விட மறந்தால், நாளடைவில் உங்கள் காலின் அழுத்தம் குதிரைக்கு மரத்துப்போகும். இது உங்கள் உடம்புக்குப் பல ஆண்டாகத் தெரியும் சார். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி வாயால் சொல்லத்தான் இந்தப் படிப்பு. பதக்கம் வாங்கியவர்களில் இதை மனமுவந்து படித்தவர்கள் மிகச் சிறந்த கோச்களாக வருகிறார்கள்.

சான்றிதழ் இல்லாமல் கற்பித்தால் சட்டப்படி குற்றமா?

நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சில் பணம் வாங்கிக்கொண்டு கற்பிக்க அரசு ஏற்ற பட்டயமும் தொழில் அட்டையும் வேண்டும். பிரிட்டனில் தனி ஆளாகக் கற்பிக்கச் சான்றிதழ் சட்டக் கட்டாயமில்லை. ஆனால் குதிரைகளை வாடகைக்கு விட்டு ஓட்டச் சொல்லித்தரும் நிலையத்துக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் அந்த விதிகள் 2018-இல் புதுப்பிக்கப்பட்டன. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பயிற்றுநருக்கு உரிமம் கட்டாயம். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, காப்பீடு எடுக்கும்போது கேள்வி வரும்.

பழைய பட்டம் வைத்திருக்கிறேன். பெயர் மாறிவிட்டதால் அது செல்லாதா?

வாங்கிய தகுதி போகாது. பிரிட்டனின் பழைய உதவிப் பயிற்றுநர் பட்டத்தை ஸ்டேஜ் 3 கோச்சுக்கு இணையாகவே பார்க்கிறார்கள். ஆனால் தகுதி வேறு, நடப்பில் இருப்பது வேறு. முதலுதவி, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு, தொடர்கல்வி எல்லாம் நடப்பில் இருந்தால்தான் அங்கீகரித்த கோச்களின் பட்டியலில் பெயர் இருக்கும். ஜெர்மன் டிரெய்னர் உரிமத்துக்கும் காலவரம்பு உண்டு. பயிற்சிக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தொந்தரவு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். என்றோ ஒருநாள் கற்ற முதலுதவியோடு பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றக் கூடாது என்பதே என் கருத்து.

வேறு நாட்டில் வேலை தேடுகிறவர்களுக்கு: தேசியத் தகுதிகளை ஒன்றுக்கொன்று இணைவைத்துப் பார்க்கச் சர்வதேச டிரெய்னர் பாஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது, மூன்று படிகளில். உங்கள் நாட்டு அமைப்பு அதை நடத்தும் சர்வதேசக் குழுவில் உறுப்பாக இருந்தால் அதன் வழியாக விண்ணப்பிக்கலாம். உள்ளூர்ச் சட்டம் கேட்கும் உரிமத்துக்கு மட்டும் அது மாற்று ஆகாது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறேன். சுவரில் நிறையச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது அக்கா?

சான்றிதழில் மூன்றைப் பாருங்கள்: யார் கொடுத்தது, எந்த நிலை, எப்போது வரை செல்லும். சில நாள் முகாமில் கலந்துகொண்டதற்கான தாளும் தேர்வில் தேறிய தாளும் சுவரில் ஒரே அளவில் இருக்கும். பெயரை அந்த அமைப்பின் பட்டியலில் தேடிப் பார்த்துவிடலாம்.

பிறகு பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். கோச் குரலை உயர்த்தாமல் வகுப்பை நடத்துகிறாரா? விழுந்த பிள்ளையை உடனே ஏறச் சொல்கிறாரா, தலை, கழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறாரா? விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தை மாற்றுகிறார்களா? வகுப்பு முடிந்ததும் குதிரையை மூச்சு அடங்கும்வரை நடக்க விடுகிறார்களா? சேணம் கழற்றியபின் முதுகில் புண்ணோ, அந்த இடத்தில் மட்டும் வெள்ளை முடியோ இருக்கிறதா என்று கவனியுங்கள்; பொருந்தாத சேணம் விட்டுப்போகும் தடம் அது. ஒரு குதிரை நாளைக்கு எத்தனை வகுப்புக்குப் போகிறது, வாரத்தில் அதற்கு ஓய்வு எப்போது என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லி, லாயத்தையும் திறந்து காட்டுகிற இடத்தில் சேருங்கள்.