காந்தச் சக்கரம் ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

கேள்வி: மரச்சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி 12 நியோடிமியம் காந்தங்களை என் மகன் ஒட்டியிருக்கிறான். வெளியே நிறுத்திய பெரிய காந்தத்துக்கு ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று நெருங்கி வரும்படி சுருளாக அமைத்திருக்கிறான். சக்கரம் தானாகக் கிளம்புகிறது. ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் ஆடி ஆடி நின்றுவிடுகிறது. காந்தத்தின் வலு போதவில்லையா, கோணம் தவறா? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் இல்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 12-வது காந்தத்தில் நிற்கும். முதல் காந்தத்திலிருந்து அதுவரை இடைவெளி குறைந்துகொண்டே வருவதால் சக்கரம் இழுபட்டுச் சுற்றுகிறது. அதற்கடுத்து வரவேண்டியதோ தொலைவில் இருக்கும் முதல் காந்தம். அதுவரை நெருங்கி வந்த தூரம் முழுவதையும் ஒரே தாவலில் விலகியாக வேண்டும். 330 பாகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததைக் காந்தம் 30 பாகையில் மொத்தமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. இன்னும் வலுவான காந்தம் போட்டால் இழுப்பு கூடும். பிடித்து நிறுத்தும் விசையும் அதே அளவு கூடும்.

மகனே இதை அளந்து பார்க்கலாம், அவசியம் அளக்கச் சொல்லுங்கள். விளிம்பில் 10 பாகைக்கு ஒரு கோடாக 36 கோடுகள் போடவும். விளிம்பில் நூலைச் சுற்றி, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசில் மாட்டி, ஒவ்வொரு கோட்டிலும் சக்கரத்தை நிறுத்திப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று குறிக்கவும். சக்கரம் முன்னே போக முயன்றால் கூட்டல், பின்னே வர முயன்றால் கழித்தல். பின்னே வரும் இடத்தில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நின்றுபோகும் இடத்தை அடுத்து விசை சட்டென்று மாறும், அங்கே 2 பாகைக்கு ஒரு முறை அளக்காவிட்டால் கணக்கு தப்பிவிடும். பேரிங் உராய்வு அளவைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு கோட்டிலும் சக்கரத்தை மெல்ல முன்னே விட்டு ஒரு தடவை, பின்னே இழுத்து ஒரு தடவை அளந்து சராசரி எடுக்கவும். வரைபடத்தாளில் வரைந்தால், பூஜ்யக் கோட்டுக்கு மேலே நீளமாய்த் தாழ்ந்த ஒரு மேடும், கீழே ஒடுக்கமாய் ஆழ்ந்த ஒரு பள்ளமும் வரும். இரண்டின் பரப்பும் சமமாக இருக்கும்.

கிணற்றில் இறங்கும் வாளி கயிற்றை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பை நம்பி அதே வாளியை மேலே கொண்டுவர முடியாது. காந்தமும் அப்படித்தான். நிலையாக நிற்கும் காந்தத்தின் புலத்தில் இன்னொரு காந்தத்துக்குள்ள ஆற்றல், அது இருக்கும் இடத்தையும் திரும்பியிருக்கும் திசையையும் மட்டுமே பொறுத்தது. கிளம்பிய நிலைக்கே வந்து சேர்ந்தால் லாபம் பூஜ்யம். போதாததற்கு உராய்வும் காற்றும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தின்னும். பக்கத்தில் அலுமினியமோ செம்போ இருந்தால் அதில் உண்டாகும் சுழல் மின்னோட்டமும் பிரேக் போடும்.

இந்த ஆசை பழையது. 1269-இல் பீட்டர் பெரிகிரினஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் காந்தத்தால் ஓயாமல் சுற்றும் சக்கரம் ஒன்றை எழுதி வைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இன்னொன்றை விவரித்தார்: உச்சியில் இருக்கும் காந்தம் இரும்புக் குண்டைச் சரிவில் மேலே இழுக்கும், குண்டு அங்குள்ள ஓட்டை வழியே விழுந்து அடிக்குத் திரும்பும். குண்டை மேலே இழுக்கும் அளவு வலுவுள்ள காந்தம் அதை ஓட்டையில் விழவிடாது என்று அவரே கண்டு சொன்னதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும்.

கேள்வி: சக்கரம் நிற்கும் இடத்தில் மட்டும் இரும்புத் தகடு வைத்துக் காந்தத்தை மறைத்தால்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தகட்டையும் காந்தம் இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதை உள்ளே விட்டு வெளியே எடுக்கச் செலவாகும் வேலை, மிச்சப்படுத்தியதைச் சரிக்கட்டிவிடும். தகட்டுக்குப் பதில் மின்காந்தம் வைத்துச் சரியான நேரத்தில் திசை மாற்றினால் சக்கரம் நன்றாகவே சுற்றும். அதற்குப் பெயர் மோட்டார். கரண்ட் கொடுத்தாக வேண்டும். பி.எல்.டி.சி. மின்விசிறி அப்படிப்பட்டதுதான்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய காந்தம் பத்து வருடமாக விழவில்லை. அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சுவரில் அடித்த ஆணியும் காலண்டரைப் பத்து வருடம் தாங்கும். விசை உண்டு, நகர்வு இல்லை. ஆகவே ஆற்றல் செலவும் இல்லை. காந்தத்தின் புலத்தில் சேமிப்பு இருப்பது உண்மை, ஆனால் மிகச் சொற்பம். 20 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள நியோடிமியம் வில்லையில் ஒரு ஜூல்கூடத் தேறாது. ஒரு அல்கலைன் பென்சில் செல்லில் சுமார் 10,000 ஜூல் இருக்கிறது.

கேள்வி: யூடியூபில் கம்ப்யூட்டர் ஃபேனும் காந்தமும் வைத்து பல்பு எரியவிடுகிறார்கள். என் உறவினர் இப்படியொரு மெஷினுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார். எப்படிச் சோதிப்பது? (வாசகர், விழுப்புரம்)

பதில்: முதலில் பல்பைக் கழற்றி, அடியிலுள்ள இரண்டு புள்ளிகளையும் ஈர விரலால் தொடுங்கள். எரிந்தால் அது உள்ளேயே பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் பல்பு. 12 வோல்ட் ஃபேன் 9 வோல்ட் பேட்டரியிலேயே சுற்றும். மேஜைக்கு அடியிலோ, காந்தம் என்று காட்டும் பெட்டிக்குள்ளோ அதை மறைப்பது எளிது.

பெரிய மெஷின் என்றால் அவர்கள் இடத்தில் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு முற்றத்தில், மர பெஞ்சின் மேல் வைத்து, நீங்கள் வாங்கிய 100 வாட் குண்டு பல்பை 24 மணி நேரம் எரியவிடச் சொல்லுங்கள். அதற்கு 2.4 யூனிட் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியே முழுதாய் 1.8 யூனிட்தான். பெரிய மெஷினுக்குள் அதைவிடப் பெரிய பேட்டரியை ஒளிக்க இடம் இருக்கலாம், அதனால் பெட்டியைத் திறந்து காட்டவும் சொல்லுங்கள். 'பேட்டன்ட் வாங்கியாச்சு' என்பார்கள். எண்ணைக் கேளுங்கள். இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கோரும் எதற்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3(ஏ) பிரிவு காப்புரிமை தருவதில்லை. சோதனை முடியும்வரை உறவினர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.