ஒரிஜினல் டிஸ்க் உங்களிடம், ஹார்ட் டிஸ்க் யாரிடம்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2004ல் அப்பா சவுதியிலிருந்து ஊருக்கு வந்தபோது ஒரு பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்தார். இப்போது அவர் இல்லை. அவர் வாங்கித் தந்த டிஸ்குகளில் கீறல் விழுந்ததால் நகல் எடுத்து, மெமரி கார்டில் ஃப்ரீ மெக்பூட் (பெட்டியின் பூட்டைத் தாண்டி வெளி நிரல்களை ஓடவைக்கும் மென்பொருள்) போட்டு ஓட்டிவந்தேன். நானே எழுதிய இரண்டு சின்ன விளையாட்டுகளும் அதில் ஓடுகின்றன. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் விளையாட்டு ஏற்றிய ஹார்ட் டிஸ்கும் மெமரி கார்டும் ₹2,500க்குக் கொடுத்தேன். கணக்கில் சண்டை போட்டுப் பிரிந்த அத்தை மகன்தான் காட்டிக்கொடுத்திருக்கிறான். ஒரு விளையாட்டு நிறுவனத்துக்காக டெல்லி வக்கீல் ₹4 லட்சம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அந்த விளையாட்டுகள் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. எதிர்த்து நிற்கலாமா சார்?

பதில்: தம்பி, அப்பாவின் நினைவு, அத்தை மகனின் துரோகம் இரண்டும் உங்களுக்கு வலிக்கும். வழக்கில் இரண்டுக்கும் இடமில்லை. யார் காட்டிக்கொடுத்தார் என்று எந்த நீதிபதியும் கேட்க மாட்டார். கடையில் கிடைப்பதில்லை என்ற வாதமும் நிற்காது. 2001ல் வெளிவந்த விளையாட்டுக்கு 2061 முடிவதற்குள் பதிப்புரிமை தீராது. விற்பனையில் இல்லாத பழைய சரக்குக்கு நம் சட்டத்தில் தனிச் சலுகை கிடையாது.

கேட்கப்போவது ஒன்றுதான்: நீங்கள் எடுத்த நகல் காசுக்குக் கைமாறியதா? மாறியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்ததைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52(1)-இல் (ஏஏ) உட்பிரிவு, முறையாகக் கையில் இருக்கும் கம்ப்யூட்டர் நிரலுக்கு (விளையாட்டும் ஒரு நிரல்தான்) பாதுகாப்பு நகல் எடுக்க விடுகிறது. (ஏடி) உட்பிரிவு, சொந்தமாக முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து லாபநோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்க விடுகிறது. நீங்கள் எழுதிய விளையாட்டுகளுக்கு உரிமையாளர் நீங்கள்தான். நகலைத் தடுக்க நிறுவனம் போட்ட பூட்டை உடைத்ததாகச் சொல்லும் 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் பாயும். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒரிஜினல் டிஸ்க் உங்கள் கையில் இருக்கும்வரைதான். திருவனந்தபுரம் நடைபாதையில் வாங்கிய டிஸ்க் இந்தக் கணக்கில் வராது. அதைத் தெரிந்தே ஓட்டினால் 63பி பிரிவு தனியாக இருக்கிறது.

ஹார்ட் டிஸ்கை விற்ற அன்று இந்தப் பாதுகாப்பிலிருந்து நீங்களே வெளியே வந்துவிட்டீர்கள். 63வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விலை வைத்து விற்ற உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, பிணையில் விடத்தகாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது. நகல் விளையாட்டு ஓடும்படி பிளேஸ்டேஷன் பெட்டியை மாற்றியமைத்துக் கொடுக்கும் தொழிலும் தப்பாது. 2012லேயே பிளேஸ்டேஷன்களை அப்படி மாற்றியமைத்துக் கொடுத்தவர்கள் மீது சோனி டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியிருக்கிறது.

மெமரி கார்டு விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டைத் திறந்து கொடுத்தால், அவர் பெயர், முகவரி, எதற்காகத் திறந்து கொடுத்தீர்கள் என்பதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. நீங்கள் எழுதிவைத்திருக்க மாட்டீர்கள். அதற்காக இப்போது ஒரு நோட்டு வாங்கிப் பழைய தேதி போட்டு நிரப்பாதீர்கள். மை காய்ந்த காலத்தைவிட, அதில் இருக்கும் ஆட்களைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதுதான் உங்களைக் கவிழ்க்கும்.

என் கட்சிக்காரர்கள் விழுந்ததெல்லாம் நோட்டீஸ் வந்த பிறகுதான். குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தபாலைப் பிரித்த அன்றே கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தார், வாட்ஸ்அப் குரூப்பைக் கலைத்தார், அதன்பிறகுதான் என்னிடம் வந்தார். ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்களின் போனில் எல்லாச் செய்தியும் அப்படியே இருந்தது. ஜிபே வரவு அவருடைய பேங்க் ஸ்டேட்மெண்டில் வரிசையாக நின்றது. அழிந்தது எது தெரியுமா? அவர் தானே எழுதிய நிரல்களின் தேதியிட்ட கோப்புகள். அவருக்குச் சாதகமாக இருந்த ஒரே சாட்சியம் அதுதான். சாட்சியமாகப் போகும் மின்னணு ஆவணத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். கை நடுங்கினாலும் எதையும் தொடாதீர்கள். விற்பனையை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது, நீங்களே பதில் எழுதுவது. ‘நாற்பது பேருக்குத்தான் கொடுத்தேன், சும்மா ஒரு ஆசைக்காக’ என்று மன்றாடி எழுதிவிடுவார்கள். அந்த நாற்பதுதான் பிறகு நஷ்டஈட்டுக் கணக்கின் முதல் வரி. அந்த வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம்கூட அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது, டெல்லி தூரம் என்ற நினைப்பு. 62வது பிரிவின்படி உரிமையாளர் தான் தொழில் நடத்தும் இடத்திலேயே வழக்குப் போடலாம், நாகர்கோவிலுக்கு வர வேண்டியதில்லை. வணிக வழக்காகப் போனால், சம்மன் கையில் கிடைத்து 120 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் கடைக்கே வந்து பட்டியல் எடுப்பார். அப்போது சத்தம் போட்டால் அதுவும் அறிக்கையில் ஏறும்.

போலீஸ் வந்து பொருளை எடுத்தால், எடுத்ததைப் பட்டியலிடும் மகஜரை வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். சிடியில் வந்த பிஎஸ்2 ஒரிஜினல்களின் அடிப்பக்கம் நீலமாக இருக்கும். அதைப் பார்த்து ‘நகல்’ என்று எழுதிவிடுவார்கள். உங்கள் பொருளைத் திரும்பக் கேட்க, கைப்பற்றியதிலிருந்து 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும்.

கடிதத்தில் இல்லாத ஒன்றை நேரில் வரும்போது மறைக்காமல் சொல்லுங்கள்: அந்த ஹார்ட் டிஸ்குகளில் சினிமாவும் ஏற்றினீர்களா? ஏற்றியிருந்தால் நிலைமையே வேறு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14வது சட்டத்தில் 2004ல் வீடியோ திருட்டையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க அதில் வழி இருக்கிறது.

எதிர்த்து நிற்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், சமாதானமாகப் போங்கள். முதலில் அந்த வக்கீலுக்கு நிறுவனம் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகலை உங்கள் வக்கீல் மூலம் கேளுங்கள். இப்படி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அதிகாரம் உண்மை என்றால் தொகையைப் பேசுங்கள். நோட்டீஸில் இருப்பது கேட்கும் தொகைதான், முடியும் தொகை அல்ல. மார்த்தாண்டத்தில் சின்னக் கடை வைத்திருப்பவரிடமிருந்து எவ்வளவு வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.

பணத்தைவிட எனக்குப் பயம், உங்களிடம் கையெழுத்து வாங்கப்போகும் உறுதிமொழிப் பத்திரம். ‘மாற்றியமைத்த எந்தப் பெட்டியும் வைத்திருக்க மாட்டேன், எந்த நிரலையும் ஓட்ட மாட்டேன்’ என்று அகலமாகத்தான் முதல் வரைவு வரும். அவசரத்தில் கையெழுத்திட்டால், சட்டம் உங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு நகலையும் நீங்கள் எழுதிய விளையாட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்ததாகிவிடும். நாளைக்கு அப்பாவின் பெட்டியை ஆன் செய்தாலே ஒப்பந்த மீறல். விற்பனை, வாடகை, விநியோகம் இந்த மூன்றோடு பத்திரம் நிற்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு சொல்லும் இருக்கக் கூடாது, எண்ணிக்கையும் கூடாது. கிரிமினல் புகார் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அதற்குள் எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்ய மதுரைக் கிளையில் போடும் மனுவுக்கு ஒத்துழைப்போம் என்ற வரியும் வேண்டும். அந்த வரி இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸில் கொடுத்த கெடு முடிவதற்குள், அது வந்த கவரோடு, அப்பாவின் ஒரிஜினல் டிஸ்குகளை உறையோடு எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்கள் விளையாட்டு நிரல் இருக்கும் கம்ப்யூட்டரை அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.