எட்டுப் பேர், ஓர் ஆர்.வி., எத்தனை தீம் பார்க்?

அன்புள்ள ஐயா,

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை குடும்பம் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, இப்போது முழுநேரமும் ஆர்.வி.யிலேயே (அடுப்பும் கட்டிலும் உள்ள, வீடுபோன்ற பயண வண்டி) வாழ்கிறது. வரும் ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் போய் அவர்களோடு மூன்று கிழமை சுற்றப்போகிறோம். மொத்தம் எட்டுப் பேர். என் பிள்ளைகளுக்கு 9 வயதும் 5 வயதும். இருவருக்கும் தீம் பார்க் நினைப்புத்தான். ஒரு நாளிலேயே ஆயிரம் டொலருக்கு மேல் போய்விடும் என்கிறார் மச்சான். கையைக் கடிக்காமல் பார்க்க வழி உண்டா?

— க., கொக்குவில்

அன்பின் க.,

மச்சான் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் அது ஹோட்டலில் தங்கி, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடுகிறவர்களின் கணக்கு. உங்களுக்கு அடுப்பும் கட்டிலும் கூடவே வருகின்றன. அதனால் எந்தப் பார்க் பெயர்பெற்றது என்று பார்க்காமல், எந்தப் பார்க்கின் பக்கத்தில் வண்டியை நாலைந்து நாள் நிறுத்தலாம் என்று பாருங்கள். காலையில் கதவு திறக்கும்போது உள்ளே போய், வெயில் ஏறியதும் வண்டிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து, பின்னேரம் திரும்பப் போகலாம். ஒரே நாள் ரிக்கெற்றில் மீண்டும் நுழைய விடுகிறார்களா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கனடா விசாவை வைத்துக்கொண்டு அமெரிக்க எல்லையைத் தாண்ட முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அமெரிக்க விசா தனியாக வேண்டும். அது கிடைக்கும்வரை திட்டத்தை ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துக்குள்ளேயே வைத்திருங்கள். வோன் நகரிலுள்ள கனடாஸ் வொண்டர்லாண்ட் போதுமான அளவு பெரியது. நீர்ப்பூங்காவும் நுழைவுக் கட்டணத்துக்குள் அடங்கும். இரண்டு நாளுக்கு மேல் போவதென்றால், பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போகக்கூடிய பருவகால அட்டையின் விலையையும் தனி ரிக்கெற்றுகளின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் அட்டைதான் வெல்லும். வாகனத் தரிப்பிடம் அதில் சேருகிறதா, வேறு பார்க்குகளிலும் செல்லுமா என்பது அட்டையின் தரத்தைப் பொறுத்தது. 2024 ஜூலையில், வொண்டர்லாண்டை நடத்திவந்த சீடர் ஃபெயர் நிறுவனமும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற இன்னொரு பார்க் நிறுவனமும் இணைந்தபின் ஒரே நிறுவனத்தின் கீழ் பல பார்க்குகள் வந்திருக்கின்றன. ஆகவே மச்சான் குடும்பம் வருடம் முழுக்கச் சுற்றுவதானால் கூடிய தரத்து அட்டை அவர்களுக்குப் பொருந்தலாம், உங்களுக்கு அடிமட்ட அட்டையே போதும். எட்டுப் பேருக்கும் ஒரே தரத்து அட்டை எடுப்பது வீண்செலவு.

அமெரிக்க விசா கிடைத்தால் நான் முதலில் சொல்வது பென்சில்வேனியாவில் எலிஸ்பேர்க்கிலுள்ள கனோபெல்ஸ். அங்கே நுழைவும் தரிப்பிடமும் இலவசம். ஏறும் சவாரிக்கு மட்டுமே காசு. எட்டுப் பேரில் நாலு பெரியவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறார்களென்றால் இதைவிட மலிவான இடம் கிடையாது. சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம், ஆர்.வி. நிறுத்தும் முகாமும் அவர்களுடையதே. இரண்டாவது, இந்தியானா மாநிலத்தின் சாண்டா குளோஸ் ஊரிலுள்ள ஹொலிடே வேர்ல்ட். தரிப்பிடம், குளிர்பானம், வெயில் கிறீம் எல்லாம் இலவசம். நீர்ப்பூங்கா அதே ரிக்கெற்றில் வரும். பக்கத்து லேக் ருடோல்ஃப் முகாமிலிருந்து பார்க்குக்குப் போய்வர வாகனம் விடுகிறார்கள். பலர் தவறவிடுவது ஆகஸ்ட் நாட்காட்டியை. அந்தப் பக்கத்துப் பள்ளிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால், மாதத்தின் பிற்பாதியில் வார இறுதியில் மட்டும் திறக்கும் பார்க்குகள் உண்டு. ஒன்ராறியோவில் செப்டம்பர் முதல் திங்கள் கழிந்துதான் பள்ளி. அதுவரை வொண்டர்லாண்டில் கூட்டம் குறையாது. எனவே அமெரிக்கப் பகுதியை ஆகஸ்ட் முதல் இரண்டு கிழமைக்குள் முடியுங்கள். முகாமை ஞாயிறு பின்னேரம் பிடித்து வெள்ளி காலை விட்டால் வார இறுதி விலையிலிருந்து தப்பலாம்.

டிஸ்னி வேர்ல்ட் இம்முறை வேண்டாம் என்பதே என் எண்ணம். புளோரிடா மிகத் தூரம். ஆகஸ்ட் பின்னேரங்களில் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் கண்டால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் ரிக்கெற் நூறு டொலருக்குக் குறையாது. பிள்ளைகள் கேட்டே தீருவார்களென்றால் மூத்தவருக்கு 10 வயது ஆகுமுன் போங்கள். 10 ஆனால் பெரியவர் விலை. தங்குவது டிஸ்னியின் சொந்த முகாமான ஃபோர்ட் வில்டர்னஸில். ஓர் இடத்தில் பத்துப் பேர்வரை இருக்கலாம், பார்க் தரிப்பிடத்துக்குக் காசில்லை, மற்றவர்களுக்கு அரை மணித்தியாலம் முன்னே உள்ளே விடுவார்கள். சாப்பாடும் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள்.

புறப்படுமுன் பிள்ளைகளின் உயரத்தைச் சப்பாத்தோடு அளந்து குறித்துவையுங்கள். வொண்டர்லாண்டின் லெவயதன் என்ற ரோலர் கோஸ்டரில் ஏற 137 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றபின் திருப்பி அனுப்பினால் பிள்ளை நாள் முழுக்க அழும்.

மச்சானிடம் உடனே கேட்கவேண்டியது, வண்டியில் சீற் பெல்ற் எத்தனை என்று. அது காருக்குப் பின்னால் இழுக்கும் வகை என்றால் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது; ஒன்ராறியோவில் அது சட்டவிரோதம். எட்டுப் பேருக்குப் பெல்ற் இல்லையென்றால் இன்னொரு காரின் வாடகையையும் பெற்றோலையும் இப்போதே செலவுக் கணக்கில் சேருங்கள்.

உள்ளே வாங்கும் சாப்பாட்டில்தான் பெருங்காசு போகும் என்பதால் சமையலை ஒழுங்காகத் திட்டமிடுங்கள். இங்கிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோகாதீர்கள். நம்முடையது 230 வோல்ற், அங்கே 120. கால்வாசிச் சூடுதான் வரும், அரிசி ஊறிக் கிடக்கும். முகாமில் 30 அம்பியர் இணைப்பென்றால் மொத்தம் 3600 வாற்ஸ். ஏசி ஓடும்போது கேத்தலையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிறேக்கர் விழும். சோற்றைக் காஸ் அடுப்பில் வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலையோடு அமெரிக்க எல்லைக்குப் போகவேண்டாம். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று பறித்துவிடுவார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. வறுத்த மிளகாய்த்தூளில் அரைபட்டுப்போன கறிவேப்பிலையே மூன்று கிழமைக் கறிக்குப் போதும்.