கொழும்புக் கடற்கரைச் சீரமைப்பு: கேள்வி பதில்

கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரையான கரையோரத்தைச் சீரமைக்க வேண்டும், வருபவர்களுக்கு வசதிகள் செய்து கொடுக்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அயலவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கரையோரக் கட்டுமானம் தெரிந்த ஒருவர் தந்த பதில்கள் இவை.

கேள்வி (கல்கிசை): 2020இல் இங்கே கடலுக்குள்ளிருந்து மணல் எடுத்துக் கொட்டினார்கள் அண்ணா. கொஞ்ச நாளிலேயே கடல் கொண்டுபோய்விட்டது. இனியும் அப்படிக் காசைக் கரைக்க வேண்டுமா?

குழாய் வழியாகக் கொட்டிய மணல் முதலில் மேடாகக் குவிந்து நிற்கும். அலை அதை உடைத்து நீருக்கடியில் சாய்வாகப் பரப்பும். ஆகவே முதல் சில மாதங்களில் காய்ந்த மணல் குறுகுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். நீருக்கடியில் பரவிய மணலும் வீண் போவதில்லை. பெரிய அலை அதன்மேல் உடைந்து, வலு குறைந்துதான் கரைக்கு வரும். இதை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லாததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

உண்மையான இழப்பு வேறு. தென்மேற்குப் பருவத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, அலை சரிந்து வந்து மோதி மணலைக் கரையோரமாக வடக்கே நகர்த்துகிறது. முன்பு களு கங்கை கொண்டுவந்த மணல் அந்த இடத்தை நிரப்பியது. ஆற்றில் மணல் அகழ்வு கூடியதால் வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. எனவே மணல் கொட்டுவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக இருக்க முடியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பக் கொட்டும் செலவைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் அந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. கொட்டும் மணலின் துகள் இங்குள்ள மணலின் அளவாகவோ சற்றுப் பருமனாகவோ இருக்கிறதா? நுண்ணிய மணல் கரையில் தங்காது. வேலை எந்த மாதத்தில் தொடங்குகிறது? பருவம் அடங்கிய பிறகு, நவம்பரை ஒட்டித் தொடங்கினால் மணல் படிந்து இறுக நான்கைந்து மாதம் கிடைக்கும். ஏப்ரலில் தொடங்கினால் கடல் ஏற்கெனவே வாசலில் நிற்கும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): மணலே வேண்டாம், நல்ல உயரமான சுவர் ஒன்று கட்டினால் என்ன?

சுவர் நிலத்தைக் காக்கும், கடற்கரையைக் காக்காது ஐயா. நேராக நிற்கும் சுவரில் மோதும் அலை திரும்பும்போது சுவரின் அடியில் இருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகும். அடி வெறுமையானதும் சுவர் முன்னுக்குச் சாயும். கரையோரமாக ஓடும் புகையிரதத் தண்டவாளத்தைக் காக்கப் போட்டிருக்கும் கற்குவியல் அலையின் வேகத்தை விழுங்குவதால் சுவரைவிட மேல். ஆனால் கல்லுக்கு அடியில் வடிகட்டும் துணி விரிக்காவிட்டால், இடுக்கு வழியாக மண் கசிந்து வெளியேறி மேலிருக்கும் நடைபாதை உட்காரும். பாதையில் குழி விழுந்தால் ஒப்பந்தகாரர்கள் மேலே சீமெந்து பூசிவிட்டுப் போகிறார்கள். கோளாறு அடியில் இருக்கிறது.

கடலுக்குள் நீட்டும் கல்லணையும் இப்படித்தான். அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். கல்கிசைக்கு நல்லது தெகிவளைக்குக் கெடுதலாக முடியலாம். இரண்டும் ஒரே மாநகர சபைக்குள் இருப்பதால் கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கிறது.

கேள்வி (வெள்ளவத்தை): கடற்கரைக்குப் போனால் மலசலகூடம் இல்லை. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் படும் பாடு உங்களுக்குத் தெரியுமா? இதற்கு என்ன தடை?

தங்கச்சி, என் கணக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது இதுதான். தடை காசு மட்டுமல்ல, கழிவு போகும் வழியும்தான்.

மணலில் மலக்குழியும் உறிஞ்சுகுழியும் வெட்டினால் சற்று ஆழத்திலேயே நிலத்தடி நீர் வந்துவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது. மழைக்காலத்தில் நிரம்பி மணலுக்குள்ளேயே கசியும், பிள்ளைகள் விளையாடும் அதே மணலுக்குள். ஆகவே நகரக் கழிவுக் குழாயுடன் இணைக்க வேண்டும். அந்தக் குழாய் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வீதியில். கடல் பக்கம் கட்டினால் தண்டவாளத்துக்கு அடியால் குழாய் கொண்டுவரப் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், பம்பும் வேண்டும். பம்ப் பழுதானால் அன்றே கதவைப் பூட்டிவிடுவார்கள். அதனால் மலசலகூடத்தை வீதிப் பக்கத்திலேயே கட்டுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை ஆகிய ஐந்து நிலையங்களும் கடலை ஒட்டியே இருக்கின்றன. வருபவர்களில் பலர் அந்த வழியால்தான் இறங்குகிறார்கள். நிலைய வாசலே பொருத்தமான இடம்.

கட்டும்போது தவறுவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். கால் கழுவும் குழாயை வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் மணல் முழுவதும் கழிவுக் குழாயில் இறங்கி அடைக்கும். வெளிக்குழாயின் நீர் வடிகாலுக்குப் போகுமுன் ஒரு மணல் பிடிக்கும் தொட்டி வேண்டும், அதை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். கதவு ஒட்டுப்பலகையாக இருந்தால் ஊதிப்போகும், பிளாஸ்டிக் கதவு போதும். பிணைச்சல், தாழ்ப்பாள், குழாய் எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 தரம் உப்புக் காற்றில் பழுப்புப் புள்ளி போடும். கம்பிக்கு மேல் குறைந்தது 50 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கொங்கிரீட் மூடியிருக்க வேண்டும். குறைந்தால் கம்பி துருப்பிடித்து ஊதி, சீமெந்தை உதிர்த்துவிடும்.

கட்டுவது ஒரு நாள் செலவு, கழுவுவது தினமும் செலவு. யார் கழுவுகிறார், எத்தனை மணிக்கு, யார் சம்பளம் கொடுக்கிறார் என்று ஒப்பந்தத்தில் இல்லாத மலசலகூடத்துக்குத் திறப்பு விழா வைக்கக் கூடாது.

கேள்வி (தெகிவளை): தெகிவளைக் கால்வாய், வெள்ளவத்தைக் கால்வாய் இரண்டும் நாறும்போது பூங்கா கட்டி என்ன பயன்?

நியாயமான கோபம். வெயில் காலத்தில் அலை கொண்டுவரும் மணல் கால்வாய் வாயை அடைத்துவிடும். உள்ளே நீர் தேங்கி அழுகும். முதல் பெருமழையில் வாய் உடைந்து அத்தனையும் கடலில் இறங்கும். மழை விட்டு இரண்டு மூன்று நாளாவது கால்வாய் வாய்க்கு அருகில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கல்கிசையில் கொட்டும் மணல் வடக்கே நகரும்போது இந்த இரண்டு வாய்களையும் தாண்டித்தான் போக வேண்டும். அடைப்பு கூடும், உள்ளே வெள்ளமும் ஏறும். மணல் திட்டத்தோடு வாய் திறக்கும் வேலைக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி (தெகிவளை, கடற்றொழிலாளர் குடும்பம்): அழகுபடுத்துகிறோம் என்று வந்து வள்ளம் ஏற்றும் இடத்தைப் பிடித்துவிடுவார்களோ?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வரைபடத்தில் வள்ளம் தெரியாது, வெறும் மணல்தான் தெரியும். எத்தனை வள்ளம், எந்த மாதம் எங்கே ஏறும், வலை எங்கே காயும், கரைவலை எங்கே இழுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கீறி, அடி அளந்து, உங்கள் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். ஆகஸ்டில் கரை குறுகும்போது வேண்டிய இடத்தைக் குறியுங்கள். மார்ச்சில் கரை அகன்றிருக்கும். அந்த அளவை நம்பி இருக்கையும் கடையும் போட்டுவிட்டால் பருவத்தில் வள்ளம் ஏற்ற இடம் இருக்காது.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): காலிமுகத்திடல் மாதிரி இங்கேயும் இறால் வடைக் கடை, விளக்கு, கல் பதித்த பாதை வந்தால் நல்லதுதானே?

காலிமுகத்திடல் 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் அமைந்த அகன்ற புல்வெளி. நமக்கு இருப்பது தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கீற்று மணல். அந்தக் கீற்றின் அளவுக்குத்தான் ஆசைப்பட வேண்டும். கடைகள் சக்கரத்தில் இருக்கட்டும், பருவத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். எண்ணெயும் கழுவிய நீரும் மணலில் ஊற்றக் கூடாது என்பது முதல் நிபந்தனை. கல் பதித்த பாதைக்கு ஓரக்கட்டு இல்லாவிட்டால் ஒரு பருவத்தில் அடிமணல் வழிந்து கல் சரியும். குப்பைத் தொட்டியை மணலில் வைக்காமல் வெளியேறும் வழியில், மூடியோடு வையுங்கள். மூடியில்லாத தொட்டி காகத்துக்குத்தான்.

கேள்வி (வெள்ளவத்தை): என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறா. அவவும் கடலைப் பார்க்க வழி உண்டா?

இருக்க வேண்டும். பொதுக் கட்டிடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. சாய்வுப்பாதை 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. இரு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் நாற்காலி திரும்பச் சமதளம் வேண்டும். மணலில் சக்கரம் புதையும், அங்கே சுருட்டி வைக்கக்கூடிய பாய்ப்பாதை போதும். பெரிய தடை தண்டவாளம். படி மட்டும் உள்ள மேம்பாலம் அம்மாவுக்கு உதவாது. மட்டக் கடவை இருக்கும் இடத்தில்தான் இந்த வசதியைக் கேட்க வேண்டும்.

கேள்வி (தெகிவளை): நாங்களாகவே ஏதாவது நடலாமா?

அடம்பன் கொடி நடுங்கள். திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை, பறக்கும் மணலை அது பிடித்து நிறுத்தும். ஒரு முழத் துண்டு வெட்டி, இரண்டு கணுவை மணலுக்குள் புதைத்து, ஒரு மீற்றர் இடைவெளியில், ஒக்டோபர் மழையோடு நடவேண்டும். அலை ஏறும் கோட்டுக்கு மேலே மட்டும். நடப்பதற்கு வழி விட்டுக் கயிறு கட்டாவிட்டால் மிதிபட்டுச் சாகும். கூடவே இராவணன் மீசையும் நிற்கும், ஆனால் அது குத்தும், பிள்ளைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

கேள்வி (கல்கிசை): எங்கள் கருத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரிய திட்டமென்றால் சூழல் தாக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும், கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. தமிழிலேயே எழுதுங்கள். "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. "இந்த இடத்தில் ஆகஸ்டில் மணல் இத்தனை மீற்றர்தான், கட்டிடம் எங்கே நிற்கும்?" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காக இப்போதே மாதம் ஒருமுறை, அசையாத ஒரு தூணிலிருந்து ஈர மணல் வரை நாடா பிடித்து அளந்து, அதே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தைக் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.