மூன்று ஆப், ஒரு பழைய வீடு

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் வீடு மாமனாரின் அப்பா கட்டியது. சுவர் ஒன்றரை அடி கனம். மகன் மூன்று கம்பெனி ஸ்மார்ட் பல்புகள் மாட்டியிருக்கிறான். மூன்றுக்கும் தனித்தனி ஆப். மாமியார் வழக்கம்போல ஸ்விட்சை அணைத்தால் பல்பு ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று வந்துவிடுகிறது. பின்கட்டுக்கு வைஃபையே எட்டவில்லை. எல்லாம் ஒன்றாக இயங்க வழி உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு அம்மா. ஆனால் மாமியாரின் பழக்கத்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், அது அவருடைய வீடு. பல்பைச் சாதாரண எல்.இ.டி.யாக்கி, ஸ்விட்ச் போர்டுக்குள் ஸ்மார்ட் ரிலே மாட்யூல் (போனிலிருந்தும் விளக்கைப் போட்டு அணைக்க உதவும் சின்னக் கருவி) வையுங்கள். அப்புறம் ஸ்விட்சிலும் இயங்கும், போனிலும் இயங்கும்.

பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் ஒயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர், வேண்டும். பழைய வீட்டில் ஸ்விட்சுக்கு மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் மட்டும்தான் இறங்கியிருக்கும். அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரலும் இருக்கும். மாடிப்படி டூ-வே ஸ்விட்சில் பெரும்பாலும் இருக்காது. எலக்ட்ரீஷியன் “எர்த்தையே நியூட்ரலாகக் கொடுத்துடலாம்” என்றால் ஒப்புக்கொள்ளவே கூடாது, ஷாக் அடித்து உயிரே போகலாம். வேறு சர்க்கியூட்டின் நியூட்ரலை இழுத்தாலும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கலாம். வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையா? மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போடுங்கள். ஒயரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஃபேன் வேகத்தையும் மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள மாட்யூலை வாங்குங்கள். கரண்டை மிச்சப்படுத்தும், பெரும்பாலும் ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மட்டும் அது ஆகாது.

வைஃபைக்கு, ரவுட்டரை ரேழியிலிருந்து எடுத்து முற்றத்தைப் பார்த்த மாதிரி கூடத்தில் வையுங்கள். திறந்தவெளி வழியாக சிக்னல் நன்றாகப் போகும். பின்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து அங்கேயும் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் என்ற பெட்டி ஒன்றை வைப்பதுதான் உறுதியான வழி. பெரும்பாலான ஸ்மார்ட் சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணையும்; சுவரைத் தாண்டுவதிலும் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுவே மேல். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

ஆப் விஷயம் சுலபம். இப்போதுள்ளவற்றைக் கூகுள் ஹோமிலோ அலெக்ஸாவிலோ சேர்த்துப் பாருங்கள். இனி வாங்குவதில் ‘மேட்டர்’ முத்திரை இருக்கட்டும். 2022 அக்டோபரில் வந்த பொதுத்தரம் அது; வெவ்வேறு கம்பெனிப் பொருட்கள் ஒன்றோடொன்று பேசும், இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள்ளேயே இயங்கும்.

கழற்றிய ஸ்மார்ட் பல்புகளை, யாரும் ஸ்விட்சைத் தொடாத, மழை படாத திண்ணை விளக்குக்கு வைத்து, மாலையில் தானாக எரியும்படி நேரம் குறித்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் பழைய நிலையிலேயே இருக்கும்படி ஆப்பில் ஒரு அமைப்பு உண்டு. அதையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் பளிச்சென்று எரியும்.